வானூரில் ஒரு முழம்

நான் அப்போதே சொன்னேன், மாப்ளே. நீ முதல் கோல் போட்ட அன்றைக்கே சொன்னேன், ஒரு நாள் உன்னைச் சுவரில் வரைவார்கள் என்று. எந்தச் சுவர், எந்தப் பக்கம் பார்த்த சுவர் என்பது வரைக்கும் சொன்னவன் நான். அப்போது யாரும் காதில் வாங்கவில்லை என்றால் அது என் தப்பா?

இன்று காலை மைதானத்துப் பக்கம் போனேன். பெயிண்ட் வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. நிமிர்ந்து பார்த்தால் கிழக்குச் சுவர் முழுக்க நீ! ஒன்பதாம் நம்பர் சட்டை, சுருட்டை முடி, உதைக்கத் தூக்கிய வலது கால். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெயிண்டர் உன் காலில் ஷூ மாட்டி வைத்திருந்தான்.

"ஏம்பா, இவனுக்கு எதுக்குப்பா ஷூ?"

"ஒரு இன்டர்நேஷனல் லுக்கு இருக்கட்டுமேன்னு போட்டேங்க."

"அழி மொதல்ல. இவன் காலுக்குள்ள போற தைரியம் எந்த ஷூவுக்கும் கெடையாது."

அழித்தான். அழித்துவிட்டுக் கீழே கையைக் காட்டினான். "இங்க ஒரு வரி காலியா வச்சிருக்கேங்க. வானூர் ஃபைனல்ல போட்ட கோலப் பத்தி எழுதணுமாம். கிட்ட நின்னு பாத்தவரு நீங்க ஒருத்தர்தானாமே? எத்தினி தூரம் உள்ள போச்சுன்னு கரெக்டா சொல்லுங்க, எழுதிடறேன். நாளைக்கு தெறப்பு விழா."

அந்த ஒரு வரியை எழுதத்தான் வீட்டுக்கு வந்து பேனாவைப் பிடித்தேன். வரி வரவில்லை, உனக்குக் கடிதம் வருகிறது. நான் ஏழாம் வகுப்பு வரை படித்தவன். என்னைப் பார்க்க எட்டாம் வகுப்புக்குக் கொடுத்துவைக்கவில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நீ ஐந்தாவதோடு நின்றவன், பிழை இருப்பதே உனக்குத் தெரியப் போவதில்லை.

உன் கால்களைப் பற்றி நான் சொன்னால் இந்தக் காலத்துப் பையன்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மழை முடிந்ததும் ஊறிக் கிடக்கும் உப்புப் பாத்தியை வெறுங்காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும், இல்லையென்றால் உப்போடு சேறும் ஏறிவிடும் என்று இவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பதினைந்து வருஷம் மிதித்த கால் அது. மற்றவர்கள் பந்தோடு ஓடுவார்கள், நீ தரையை அமுக்கிக்கொண்டே வருவாய். உன்னைத் தள்ளிவிட வந்தவன்தான் விழுவான், நீ அசைய மாட்டாய். ஒரு தடவை மைதானத்தில் கிடந்த சோடா பாட்டில் துண்டை மிதித்தாய். துண்டு மாவாகிவிட்டது. நானே துடைப்பம் எடுத்துக் கூட்டினேன்.

கூனிமேட்டு ஆட்டம் நினைவிருக்கிறதா? பாதிக் கோட்டிலிருந்து அடித்தாய். பந்து மேலே போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. இறங்கி வந்தபோது பந்து ஈரமாக இருந்தது, மாப்ளே. மேகத்துக்குள் போய் நனைந்து வந்த பந்தை இந்தக் கையால் தொட்டுப் பார்த்தவன் நான். டீக்கடை பாய் கெட்டிலோடு கோட்டருகில் வந்து நின்று கத்தினார்: "யா அல்லா! நம்ம ஊரு தோக்குது, ஆனா சந்தோஷமா இருக்குதே, என்னாய்யா இது!" அன்றிலிருந்து அவர் நம் ஆள். ஊர் கூனிமேடு, உசுரு உங்க ஒம்போதாம் நம்பர் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

இப்படி எல்லா ஊரிலும் கோல் போட்ட நீ, வானூரில் மட்டும் ஒன்றுகூடப் போட்டதில்லை. மூன்று தடவை போனோம், மூன்று தடவையும் தோற்றோம். அவர்கள் விட்டார்களா? "உப்பளத்துலேர்ந்து வந்துட்டு உப்புச் சப்பில்லாம ஆடறானுங்கடா" என்று கிண்டலடித்தார்கள். நாலாவது தடவை இறுதியாட்டமே வானூரில் என்றானபோது, பாய் கடையில் நீ முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னாய்: "இதான் கடைசி, மாமா. முட்டி சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது. வானூர்ல ஒரே ஒரு கோலு போட்டுட்டு நிறுத்திக்கறேன்."

ஜெயிப்பாய் என்று அப்போதே சொன்னேன். ஒன்றுக்குச் சைபர் என்பதையும் சொன்னேன். பாய் சாட்சி.

இரண்டு லாரி நிறைய நம் சனம் போய் இறங்கியது. நம் சனத்துக்குக் கத்தத் தெரிந்தது ஒரே வார்த்தைதானே? விளைந்த உப்பைப் பலகையால் இழுக்கும்போது பாத்தியில் கத்துவதையே மைதானத்திலும் கத்துவோம். நீ பந்தோடு கிளம்பினால் போதும், "வாரு! வாரு! வாரு!" பந்து உள்ளே போனால் "வாரிட்டான்!" நமக்கு அது கைதட்டு மாதிரி. வெளியூர்க்காரனுக்கு?

இடைவேளை முடிந்ததுமே நீ பந்தை எடுத்தாய். ஆணும் பெண்ணுமாக நம் ஆட்கள் எழுந்து நின்று "வாரு! வாரு!" என்றார்கள். அதே நேரம் பார்த்து, உன்னை மறிக்க வந்த வானூர்க்காரன் தானாகத் தடுக்கி விழுந்தான். நடுவர் விசிலை ஊதிக்கொண்டு ஓடிவந்தார். எங்கிருந்தோ வந்த மனிதர், பாவம், உப்பளத்தைக் கண்ணால் பார்த்தது கிடையாது. உன் முகத்துக்கு நேரே மஞ்சள் அட்டையை நீட்டினார்.

"நான் தொடவே இல்ல சார்!" என்றாய்.

"உங்க ஜனம் மொத்தமும் கால வாரு, கால வாருன்னு கத்துது, நீயும் வாரிட்ட. இன்னொரு தடவ கத்துனாங்கன்னா நீ வெளிய!"

நான் உள்ளே ஓடினேன். யார் தடுத்தும் நிற்கவில்லை. "சார், அது கால வார்றது இல்ல சார், உப்பு வார்றது!"

"உப்பா? இங்க எங்கய்யா உப்பு இருக்குது?"

பலகை இல்லாமலே மைதானத்தின் நடுவில் நின்று, குனிந்து, இழுத்து, குவித்து, ஒரு பாத்தி உப்பை அவருக்கு வாரிக் காட்டினேன். வானூர்க்காரர்களே கைதட்டினார்கள். நடுவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனாலும், "காட்டின கார்டு காட்டினதுதான். சத்தம் மட்டும் வரக் கூடாது" என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். அவர்கள் கோல் பக்கம் கொடி பிடிக்க வேண்டிய ஆள் டீ குடிக்கப் போனவர் திரும்பவில்லை. வலையும் இல்லாத கோல், பந்து உள்ளே போனதா இல்லையா என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். "நீ நல்லா வெவரமா சொல்ற. அங்க போயி நில்லு. பாத்தத மட்டும் சொல்லணும்" என்று கொடியைக் கையில் கொடுத்தார்.

அப்படித்தான் நான் கொடிக்காரன் ஆனேன். அந்த வட்டாரத்தில் என்னைப் போலக் கொடி பிடித்தவன் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அதற்குப் பிறகு நம் சனம் பட்ட பாடு! வாயைத் திறந்தால் உனக்குச் சிவப்பு அட்டை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து வாயில் திணித்துக்கொண்டார்கள். பாய் ஒவ்வொருவர் வாயிலும் ஒரு பஜ்ஜியை அடைத்துக்கொண்டே, "சுப்! சுப்! முழுங்காதீங்கப்பா, வாயிலயே வச்சிருங்க" என்று கோட்டோரம் அலைந்தார். அத்தனை பேர் நின்ற இடத்தில் உன் கால் தரையில் பதியும் சத்தம் எனக்குக் கேட்டது.

கடைசி இரண்டு நிமிஷம். இரண்டு பக்கமும் சைபர். நீ நடுவில் பந்தை வாங்கித் திரும்பினாய். ஐந்து பேரைத் தாண்டி வந்தாய். சரி, உன்னிடம் எதற்கு, மூன்று பேர். முட்டி வலியில் நொண்டிக்கொண்டே வந்து அடித்தாய் பார், டங்கென்று மேல் கம்பத்தில் மோதியது. மோதி, நேரே கீழே விழுந்து, எழும்பி வெளியே வந்து, கோல் காத்த கோலியின் கைக்குப் போய்விட்டது.

நடுவர் தூரத்திலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்தார். "போச்சா?"

கொடியைத் தூக்கினேன். "ஒரு மொழம் உள்ள போச்சு சார்!"

கோலி ஆறடி ஆள். பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு என் மேல் பாய்ந்தான். "யோவ்! கோட்டு மேல விழுந்துச்சுய்யா! பொய் சொல்லாத, மேல சாமி பாத்துக்கினு இருக்குது!"

"சாமி தூரத்துலேர்ந்து பாக்குது. நான் கிட்டேர்ந்து பாத்தேன்!"

விசில். கோல்!

துண்டும் பஜ்ஜியும் வாயிலிருந்து பறந்தன. "வாரிட்டான்! வாரிட்டான்!" அந்தச் சத்தத்தில் பக்கத்து ஊரான இரும்பையின் கோயில் மணி தானாக ஆடியதாக மறுநாள் கேள்விப்பட்டேன். நீ நொண்டிக்கொண்டே ஓடிவந்து என்னைத் தோளில் தூக்கினாய். அத்தனை கூச்சலிலும் தலையை நிமிர்த்தி என்னிடம் கேட்டாய்: "மாமா, போச்சா?"

"போச்சுடா!"

நீ சொன்னபடி அத்தோடு ஆட்டத்தை நிறுத்தினாய். நான் சொல்வதை நிறுத்தவில்லை. கல்யாண வீட்டில் சொன்னேன், சாவு வீட்டில் சொன்னேன், பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரனிடம் சொன்னேன். முழம் சில ஊர்களில் ஒன்றரை முழமாகவும் ஆனது. கேட்கிறவர்களின் ஆசையைப் பொறுத்து.

போன மழைக்காலத்தில் உனக்குச் சிறுநீரகம் கெட்டு, புதுச்சேரியில் படுத்திருந்தாய். மத்தியானம், உன் வீட்டுக்காரி சாப்பாடு வாங்கக் கீழே போயிருந்தாள். நீ என் கையைப் பிடித்தாய். அந்தக் கால் எவ்வளவு இளைத்திருந்தது, மாப்ளே. போர்வையை இழுத்து மூடினேன்.

"மாமா, நெஜத்த சொல்லு. அந்தப் பந்து உள்ள போச்சா?"

"ஒரு மொழம்டா."

நீ சிரித்தாய். இருமல் வரும் வரை சிரித்தாய். "உன்னப் பத்தி எனக்குத் தெரியாதா? நீ எது சொன்னாலும் பாதியத் தள்ளிடுவேன். தள்ளுனாலும் ஒரு சாண் நிக்குதில்ல? அது போதும் மாமா. கோலுதான்."

சொல்லிவிட்டு நிம்மதியாகத் திரும்பிப் படுத்தாய். மூன்றாம் நாள் போய்விட்டாய்.

இப்போது பெயிண்டர் போன் பண்ணினான். "எத்தினி மொழம்னு போடட்டும்?" என்று கேட்டான். முழமெல்லாம் வேண்டாம், 'வானூரில் கோல் போட்டவன்' என்று மட்டும் எழுது என்றேன். "ஊரே மொழத்ததான சொல்லுது?" என்று குழம்பினான். ஊர் சொல்லட்டும் என்று வைத்துவிட்டேன்.

மேல் கம்பத்தில் பந்து மோதிய அந்த டங்க் இன்னும் என் காதுக்குள் இருக்கிறது. அதில் ஒரு சொல்கூட நான் கூட்டவில்லை. ஆனால் நீ பாதியைத் தள்ளி மீதம் வைத்துக்கொண்ட அந்தச் சாண் இருக்கிறதே, அதுவும் கிடையாது, மாப்ளே. நீ அடிக்கக் காலைத் தூக்கியதுமே பயத்தில் நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். திறந்தபோது பந்து கோலியின் கையில் இருந்தது.