பிட்சருக்குப் பதிலாக ஒருத்தி

என் கோமதிக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. என் பாப்பாவுக்கு உடம்பு லேசாகச் சுட்டது, இப்போதுதான் தூங்கினாள். நீ காய்ச்சலில் எங்களை விட்டுப் போனதிலிருந்து, அவள் தும்மினாலே நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.

சங்ககிரியில் ஒரு பள்ளிப் பெண்களுக்கு இப்போது நான்தான் பேஸ்பால் பயிற்சி தருகிறேன். உன் தங்கை காவ்யா அங்கேதான் படிக்கிறாள். போட்டிக்குப் போகிறவர்களின் பெயர்களை நாளை கொடுக்க வேண்டும். அவளைச் சேர்ப்பதா, வேண்டாமா?

முழங்கையில் அடிபட்டதிலிருந்து அவளால் பந்தை எறிய முடிவதில்லை. மட்டையைச் சுழற்றினால் மட்டும் பந்து வேலிக்கு அந்தப் பக்கம் கிடக்கிறது. கல்லூரியில் நீ இருந்த அதே டிஎச் இடம்தான். பந்தெறியும் பிட்சருக்குப் பதிலாக அடிப்பாள். ஃபீல்டிங்குக்கு இறங்க மாட்டாள்.

உடற்கல்வி ஆசிரியர் மைதானத்திலேயே கேட்டுவிட்டார். "எறிய மாட்டா, புடிக்க மாட்டா. அடிச்சுப்போட்டு வந்து நெழல்ல குக்கிக்குவா. இவ என்னங்க, விருந்தாளியா?"

"விருந்தாளின்னா ஆம்லெட்டுப் போடச் சொல்லுங்க சார்" என்றாள் காவ்யா. அப்படியே உன் வாய்.

ஆனால் அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இவளை எடுத்தால், இரண்டு மூன்று இடங்களில் நிற்கக்கூடிய ஒரு மாற்று ஆள் குறைகிறாள்.

நம் கடைசி ஆட்டத்தில், மட்டைக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்சருக்கு விரல் பிசகியது நினைவிருக்கிறதா? கிரிக்கெட்டிலேயே ஊறிய நம் கோச், சும்மா மாற்று ஆள்தானே என்று உன்னை கேட்சராக நிற்க வைத்தார். டிஎச் களத்துக்கு வந்தால் அந்த இடமே போய்விடும், இனி பிட்சர்தான் அடிக்க வேண்டும் என்று அம்பயர் சொன்னதும் கோச்சின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அதுவரை பிட்சரான எனக்குப் பதிலாக நீதான் அடித்தாய். மட்டை பிடித்தே பழகாத நான் மூன்று பந்தையும் தவறவிட்டுத் திரும்பினேன். நீ கட்டிக்கொண்டு சிரித்தாய். "உடு புள்ள, காத்தாச்சும் நல்லா வந்துச்சு."

இப்போது எதற்கும் எனக்குப் பதிலாக இறங்க ஆளில்லை, கோமதி.

சாயங்காலம் உன் அம்மாவைப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவ அக்கா மூஞ்சிக்காகப் போட்டுப்போடாத சாமி. ஆட்டத்துக்கு ஆவான்னா மட்டும் கூட்டிட்டுப் போ."

காவ்யாவைச் சேர்த்துவிட்டேன். வேகமாக ஓடுவதற்கென்றே வைத்திருந்த ஒருத்தியை விட்டுவிட்டு, இரண்டாவதாக ஒரு கேட்சரை எடுத்திருக்கிறேன். யாருக்கு அடிபட்டாலும் காவ்யாவைக் களத்துக்கு இழுக்க மாட்டேன். நாளையிலிருந்து எங்கள் பிட்சரும் தினமும் மட்டை பிடிப்பாள். என்னைப் போல் அவளைப் பழகாமல் போய் நிற்க விடமாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

ஆட்டத்துக்காகத்தான் சேர்த்தேன் என்று அம்மாவிடம் நாளை சொல்ல வேண்டும். அது உண்மைதானா? எனக்கே தெரியவில்லை. நீ பார்த்தால் சொல்லிவிடுவாய்.

சீக்கிரம் பதில் போடு.

உன் தங்கைக்கு இனி அக்காவாகவும் இருக்க வேண்டிய,
சுகந்தி