மாப்பிள்ளையின் ஆர்டர்கள்

பிப்ரவரி 4

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். போனில் பேசினால் பக்கத்தில் மாப்பிள்ளை இருப்பார். தபால் அவர் கிளம்பிப் போன பிறகுதானே வரும்.

நம் கம்பெனியின் உங்கள் ஊர்க் கிளையில் அவருடைய விற்பனை படுத்துவிட்டது. கடைக்காரரின் செல்போனை அவருடைய பழைய தராசில் ஒரு தடவையும் நம் மின்தராசில் ஒரு தடவையும் வைத்துக் காட்டி, பேசாமலேயே ஆர்டர் வாங்கி வந்த மனிதர். அவருக்கு இப்போது என்ன வந்தது?

நான் ஆள் எடுக்கும் விதம் உனக்குத் தெரியும். நேர்காணலுக்கு வந்தவர்களை வெளியே காக்க வைப்பேன். சும்மா இருக்காமல் வாட்ச்மேனிடம் பேச்சுக் கொடுக்கிறவருக்குத்தான் வேலை. இந்தத் தடவை ஆள் எடுத்தது மாப்பிள்ளை. மழலையர் பள்ளியில் டீச்சராக இருந்த ஒரு பெண்ணையும் சேர்த்திருக்கிறார். கேட்டால்தான் பதில் சொல்கிற ரகம். ஆனால் அந்த டீச்சரின் விற்பனை மட்டும் மளமளவென்று ஏறுகிறது. எப்படி?

எதிர்க் கம்பெனிக்காரன் மாப்பிள்ளையை வளைத்துப் போட்டிருக்கலாம். வேறு ஏதாவதும் இருக்கலாம், அதை எழுதக் கை வரவில்லை. கொஞ்சம் கண் வைத்துக்கொள். யார் கூப்பிடுகிறார்கள், எங்கே போகிறார் என்று பார்த்து எழுது.

படித்ததும் கிழித்துவிடு.

அன்புடன்,
அப்பா

பிப்ரவரி 12

அன்புள்ள அப்பாவுக்கு,

இத்தனை நாள் கழித்து ஒரு கடிதம், அதிலும் என் இருமல் எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. முழுக்க அவர்தான்.

அவர் எப்போதும் போலத்தான் இருக்கிறார். சட்டையைக் கழற்றி நாற்காலியில் போடுகிறார், நான் திட்டுகிறேன், மறுநாளும் போடுகிறார். உங்கள் கம்பெனியை விற்றுத் தின்கிறவர் மாதிரி தெரியவில்லை.

ஆனால் நீங்கள் எழுதியது எழுதியதுதான். முன்பு அவர் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனால் சிக்னலுக்காக என்று நினைப்பேன். நேற்று கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். "பயப்படாதீங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். யாரிடம் என்று கேட்டதற்கு, "ஆபீஸ்ல" என்றார். அவ்வளவுதான். சமையலறைக்கு வந்தேன், எதற்கு வந்தேன் என்றே மறந்துவிட்டது.

அம்மாவிடம் இதைச் சொல்லாதீர்கள்.

பாப்பா

பிப்ரவரி 19

அன்புள்ள பாப்பாவுக்கு,

இருமலுக்கு டாக்டரைப் பார். அம்மாவிடம் இருமலை மட்டும் சொன்னேன், முதலிலேயே ஏன் கேட்கவில்லை என்று அவளும் என்னைத் திட்டினாள்.

"பயப்படாதீங்க" என்று ஆபீஸில் யாருக்குச் சொல்வார்? ஆண்களுக்குச் சொல்கிற வார்த்தையா அது? நான் சேர்க்கிற ஆட்களை முதல் வாரம் கூட்டிப்போய்க் காட்டுவேன், அப்புறம் தனியாகத் தெருவில் விட்டுவிடுவேன். இவர் இன்னும் அந்த டீச்சரோடு கடை கடையாக அலைகிறார் என்று நம் ஹெட் ஆபீஸ் மேனேஜர் சொல்கிறார். நீயே ஒரு நாள் பின்னால் போய்ப் பார். என் பெண் ஏமாளியாக இருக்கக் கூடாது.

அப்பா

மார்ச் 5

அப்பாவுக்கு,

போனேன். தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, கட்டிய புருஷன் பின்னால், திருடி மாதிரி.

காய்கறி மார்க்கெட்டில் அவர் ஆர்டர் எடுத்தார். கறிக்கடையிலும் எடுத்தார். டீச்சர் பக்கத்தில் தராசைப் பிடித்தபடி நின்றார். பிறகு இருவரும் பேக்கரிக்குள் போனார்கள். மூலை மேஜை. நேராகப் போய் எதிரில் உட்கார்ந்துவிட்டேன்.

மேஜையில் ஆர்டர் தாள்கள். எல்லாவற்றிலும் விற்றவர் என்ற இடத்தில் டீச்சரின் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். டீச்சர் அழுதுகொண்டிருந்தார்.

"என்னங்க இது?" என்றேன்.

"திங்கக்கிழமை மீட்டிங்ல, விற்பனையில கடைசியா வர்றவங்களைச் சுவரைப் பாத்து உக்கார வெக்கணும்னு உங்கப்பா உத்தரவு. இவங்க ஒரு தடவை உக்காந்தாங்க. வீட்டுக்குப் போய் வேலையை விடறேன்னுட்டாங்க. ரெண்டு மாசம் தாங்கினா இவங்களே பிச்சு உதறுவாங்க. அதுவரைக்கும் நான் உக்காந்துக்கறேன். எனக்குச் சுவர் ஒண்ணும் புதுசில்ல" என்று சிரித்தார்.

"போன வாரம் நானே ஒண்ணு வித்தேன் மேடம்" என்றார் டீச்சர், கண்ணைத் துடைத்தபடி.

ஆட்களை ஊக்குவிப்பது என்று நீங்கள் பெருமையாகச் சொல்வீர்களே, அது இதுதானா அப்பா? உங்கள் சந்தேகம் தீர்ந்தது என்று நினைக்கிறேன். அந்த வழக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள்.

பாப்பா

மார்ச் 11

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாப்பிள்ளை உன் காதில் நன்றாகப் பூச்சுற்றியிருக்கிறார். பிடிபட்ட உடனே இவ்வளவு சரளமாக ஒருவர் பதில் சொன்னால் எனக்குச் சந்தேகம் கூடத்தான் செய்யும். தன் ஆர்டரை அடுத்தவருக்குத் தானம் செய்கிற விற்பனைக்காரரை இத்தனை வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

நீ சொல்வது நிஜமே என்றாலும் அது பொய்க்கணக்கு. சுவர் பார்த்து உட்கார்ந்தவர்களில் பாதிப்பேர் ரோஷத்தில் விற்றுத் தள்ளியிருக்கிறார்கள். மீதிப்பேர் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை. அடுத்த திங்கள் மேனேஜர் வருகிறார். டீச்சரை நிறுத்தப் போகிறோம். மாப்பிள்ளை எல்லோர் முன்னாலும் வருத்தம் தெரிவித்தால் போதும், நான் பெரிதுபடுத்த மாட்டேன்.

நீ தொடர்ந்து கவனித்து எழுது.

அப்பா

ஏப்ரல் 2

அப்பாவுக்கு,

அந்தத் திங்கட்கிழமை நடந்ததை மேனேஜர் தன் பாணியில் சொல்லியிருப்பார். இது என் பாணி. டீச்சரிடம் வேலைநீக்கக் கடிதத்தை நீட்டியபோது இவர் எழுந்து, "இவங்களை எடுத்தவன் நான். அனுப்பறதா இருந்தா என்னையும் சேத்து அனுப்புங்க" என்றாராம். புதிதாகச் சேர்ந்த மற்றவர்களும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். இப்போது எல்லோரும் வேறொரு கம்பெனியில். நீங்கள் பயந்த அதே எதிர்க் கம்பெனிதான். அவர்கள் யாரையும் வளைக்கவில்லை. நீங்கள்தான் விரட்டினீர்கள்.

அவர்கள் கதை அப்படி முடிந்தது. என் கதையைக் கேளுங்கள்.

அன்று பேக்கரியிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் இவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "நான் அங்க இருப்பேன்னு உனக்கு யார் சொன்னா?" நான் துப்பட்டாவை மடித்துக் கைப்பைக்குள் திணித்தேன். அவர் கோபப்படவில்லை. மறுநாளிலிருந்து எங்கே போனாலும் சொல்லிவிட்டுப் போக ஆரம்பித்தார். "முடி வெட்டப் போறேன், நேரா வந்துடுவேன்." "கீழ குப்பை போட்டுட்டு வரேன்." போன் வந்தால் என் முன்னாலேயே ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறார். குத்திக்காட்டுவது மாதிரி இல்லை, மிக மரியாதையாக. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

போன வாரம் உங்கள் கடிதங்களை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். கிழிக்கச் சொன்னீர்கள், நான் கிழிக்கவில்லை. எல்லாவற்றையும் படித்தார். "உன் இருமலைப் பத்தி ரெண்டாவது லெட்டர்லயாவது கேட்டிருக்காரு" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

இன்று காலை செருப்பை மாட்டிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் வெளியே போனார். எங்கே என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. அந்த நிம்மதியில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இனி அவரைப் பற்றி என்னிடம் ஒரு வரி கேட்டாலும் பதில் வராது. உங்கள் உடம்பைப் பற்றி எழுதுங்கள், அம்மாவின் முட்டிவலியைப் பற்றி எழுதுங்கள். வருவதானால் மாமனாராக வாருங்கள், சோறு ஆக்கி வைக்கிறேன். முதலாளியாக வந்தால், இந்த வீட்டில் உங்களுக்கு இனி வேலையாட்கள் யாரும் இல்லை. நானும் நின்றுவிட்டேன்.

உங்கள் மகள்