இருநூற்று நாற்பதில் பறக்கும் டயர்

என்னங்க,

சாப்பாடு மேசையில் மூடி இருக்கிறது. கார் சாவியைத் தேடாதீர்கள். சாவி இரண்டும் என் கைப்பையில். பாப்பாவும் நானும் உங்கள் அக்கா வீட்டுக்கு பஸ்ஸில் போகிறோம்.

“புது டயர்ல வேகக் குறி ‘வி’ போட்டிருக்கான், மணிக்கு இருநூத்தி நாப்பது கிலோமீட்டர்ல பறக்கலாம்” என்று நேற்று உங்கள் தம்பியிடம் அளந்தீர்கள். நம் கார் பாலம் ஏறவே பெருமூச்சு விடும். டயர் தயாரித்த தேதி எங்கே என்று கேட்டேன். “உனக்கு இதெல்லாம் புரியாது, காபி போடு” என்றீர்கள்.

போட்டேன். பிறகு காருக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். நாலு டயரிலும் தேதியை உள்பக்கம் திருப்பி மாட்டியிருக்கிறான் உங்கள் கடைக்கார நண்பன். 2316 என்று பொறித்திருக்கிறது. அதாவது இரண்டாயிரத்துப் பதினாறு, இருபத்து மூன்றாவது வாரம். நம் பாப்பாவைவிட மூத்த டயர், ரப்பரெல்லாம் வெடிப்பு. இதில் அவளை ஏற்ற மாட்டேன். நீங்கள் எவ்வளவு கத்தினாலும் சரி.

டயர் மாறினால் சாவி வரும். கடைக்காரனை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள்.

பி.கு.: நம்பிக்கை இல்லையென்றால் நீங்களே பாருங்கள். கார் பக்கத்தில் பாய் விரித்து டார்ச்சும் வைத்திருக்கிறேன். இஸ்திரி போட்ட சட்டையோடு படுக்காதீர்கள். மாடிவீட்டுக்காரர் என்னவென்று கேட்பார், என்னையும் கேட்டார். அவரிடமும் அந்த இருநூற்று நாற்பதைச் சொல்லுங்கள்.