துளசி பால் குடித்த செய்தி

பெப். 6, செவ்வாய்

காலை முழுக்கப் பனி. புதுக்குடியிருப்பில் பஸ் ஏற்றம், பிறகு சோதனைச்சாவடி வரிசை. கடந்து போகப் பாஸ் எனக்கும் கைக்குழந்தை துளசிக்கும் மட்டும். இவர் அந்தப் பக்கமே நின்றுவிட்டார்.

"நசீர் நானாட்டை ஒவ்வொண்டையும் சொல்லிவிடு," என்றார். நசீர் நானா வவுனியாவுக்கும் எங்கள் பக்கத்துக்கும் சாமான் லொறி ஓட்டுபவர். இப்போது எங்களுக்குத் தபால்காரரும் அவர்தான்.

பின்னேரம் வவுனியா, ஆஸ்பத்திரி. டொக்டர் விளக்குப் பிடித்துப் பார்த்தார். பிறக்கும்போதே நாக்கு நுனி இரண்டாகப் பிளவு. அடிநாக்கில் நெல்லிக்காய் அளவு கட்டி. அதனால்தான் உறிஞ்ச முடியவில்லை. பிறந்ததிலிருந்து கரண்டிப் பால்.

"கட்டியை எடுத்துப்போட்டு நுனியைத் தைப்பம். பிள்ளை சின்னன், பிறகு வீங்கினால் மூச்சுக்குக் கஷ்டம். ஆனா இப்பிடியே விடவும் ஏலாது அம்மா."

ஓம் என்றேன்.

பெப். 8, வியாழன்

ஒபரேஷன். வெளியே மர வாங்கில் உட்கார்ந்தபடி நான். நெளுக்குளத்து மச்சாள், இவருடைய அக்கா, தேத்தண்ணீர் கொண்டுவந்தா.

டொக்டர் சிரித்துக்கொண்டு வந்தார். கட்டி போய்விட்டது!

பெப். 15, வியாழன்

தூறல். மூக்குக் குழாய் கழற்றியாயிற்று. "மடியிலை போட்டுப் பாருங்கோ," என்றார் டொக்டர். முதலில் நழுவியது. பிறகு பிடித்தாள். உறிஞ்சினாள். வலித்தது. அப்படியொரு வலிக்கு எவ்வளவு காலம் காத்திருந்தேன்.

மச்சாள் சாமான் ஏற்ற வந்திருந்த நசீர் நானாவிடம் ஓடினா: "துளசி பால் குடிக்குதெண்டு தம்பியிட்டைச் சொல்லுங்கோ!"

வாங்க: கிறைப் வோட்டர், சவர்க்காரம், சின்னத் துவாய் இரண்டு.

பெப். 17, சனி

விடியக் காய்ச்சல். நாக்கு வீங்கி வாய் மூடவில்லை. உள்ளே தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

டொக்டர் வந்து வாங்கில் என் பக்கத்தில் இருந்தார்.

"ஏலாமல் போச்சு அம்மா."

பெப். 18, ஞாயிறு

நெளுக்குளத்தில் அடக்கம். இவர் இல்லாமல். மூடமுன் வாயைப் பார்த்தேன். நுனி ஒன்றாகப் பொருந்தித்தான் இருந்தது.

பெப். 20, செவ்வாய்

மச்சாள் வீட்டுக்கு நசீர் நானா வந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. முற்றத்தில் நின்றே சிரிப்பு.

"தங்கச்சி, செய்தி சொன்னதும் உங்கட மனுசன் சைக்கிளிலை வீடு வீடாப் போய்க் கற்கண்டு குடுத்தவர்! பிள்ளை இப்ப கொழுத்திட்டாளோ எண்டு கேக்கச் சொன்னவர்."

மச்சாள் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போனா. நானாவுக்கு விளங்கிவிட்டது. கதிரையில் இருந்துவிட்டார்.

"நாளைக்கு லொறி திரும்புது. நான் என்னெண்டு தங்கச்சி அந்த மனுசனுக்குச் சொல்லுவன்?"

"நீங்கள் ஒண்டும் சொல்லவேண்டாம், நானா. நான் வாறன் எண்டு மட்டும் சொல்லுங்கோ."