மூன்றாம் படியில் அளக்கப்படும் கடல்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற நூலகர்,
கடைசி வீடு, வலை உலர்த்தும் திடலுக்கு எதிரில்,
படகுத்துறைச் சாலை.

பெறுநர்:
உதவி இயக்குநர் அவர்கள்,
மீன்வளத்துறை,
துறைமுக அலுவலகம்.

பொருள்: மத்தி மீன்பிடித் தடையை நீக்குவதற்கான கடல்நீர் வெப்ப அளவீடு தவறான இடத்தில் எடுக்கப்படுவது, இடத்தை மாற்றி உடனே மறு அளவீடு செய்யக் கோருவது தொடர்பாக.

பார்வை: என் முதல் மனு (பதில் இல்லை), என் இரண்டாவது மனு, அதற்குத் தங்கள் அலுவலகம் அனுப்பிய நான்கு வரிப் பதில்.

மதிப்பிற்குரிய ஐயா,

என் முந்தைய மனுக்கள் நீளமாக இருந்ததாகத் தங்கள் அலுவலக எழுத்தர் குறைபட்டுக்கொண்டார். “இவ்வளவையும் யாரு சார் உக்காந்து படிக்கிறது? என்ன சொல்ல வர்றீங்கன்னு மேலயே போட்டுடுங்க” என்றார். நியாயமான பேச்சுதான். எனவே சொல்லப்போவதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. இதைப் பற்றிப் பேச எனக்குள்ள தகுதியும் தகுதியின்மையும்.
2. வாளி இறக்கப்படும் இடம் தவறு.
3. ஐஸ் தொழிற்சாலையிலிருந்து வரும் தண்ணீர் குளிர்ந்தது அல்ல, சூடானது.
4. குளிர்நீர் நம் கரைக்கு வந்துவிட்டது.
5. இன்னும் காலம் இருக்கிறது.

இனி ஒவ்வொன்றாக.

1. நான் கடலுக்குப் போனவன் அல்ல. கட்டிவைத்த படகில் ஏறினாலே எனக்குத் தலை சுற்றும். கடலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், நூலகத்தில் கடல் நூல்களின் அலமாரியை அடுக்கும் சாக்கில் நின்றபடியே படித்தவைதான். ஆகவே என் கூற்றில் பிழை இருக்குமோ என்ற அச்சத்துடனேயே ஒவ்வொரு வரியையும் எழுதுகிறேன். இருந்தும் எழுதக் காரணம், துறையில் சும்மா கிடக்கும் படகுகளில் ஒன்று என் மகளும் மாப்பிள்ளையும் சேர்ந்து வாங்கியது. இந்த வாரத்துக்குள் தடை நீங்காவிட்டால் மாப்பிள்ளை தூரக்கடல் சூரை மீன் கப்பலில் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் போய்விடுவார். இது சொந்த நலன் கலந்த மனு என்பதை நான் மறைக்கவில்லை.

2. முதலில், விதியின் மேல் எனக்குப் புகார் இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன். முன்பெல்லாம் தடை காலண்டர் பார்த்து நீங்கியது. கடல் காலண்டர் பார்ப்பதை நிறுத்திவிட்டதால் விதியை மாற்றினீர்கள். காற்று கரையை ஒட்டி வீசி மேல்நீரை வெளியே தள்ளும்போது, அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த நீர் எழுகிறது. அது கொண்டுவரும் சத்தில் கடல் பச்சை பிடிக்கிறது. அதைத் தின்ன மத்தி கூட்டம் கூட்டமாகக் கரையோரம் வருகிறது. வெப்பமண்டலக் கடல்கள் சூடேறிவரும் இந்த ஆண்டுகளில் அந்தக் காற்று பிந்துகிறது, நீரோட்டம் வழி மாறுகிறது, குளிர்நீர் வந்தாலும் அதிக நாள் தங்குவதில்லை. எனவே படகுத்துறையின் நீர் தொடர்ந்து மூன்று நாள் இருபத்தாறு டிகிரிக்குக் கீழே நின்றால் மட்டும் வலை இறக்கலாம் என்றீர்கள். முட்டையிடாத மீனை அள்ளிவிடக் கூடாது என்ற நல்லெண்ணம் அதில் இருக்கிறது. படகுக்காரர்கள்கூட முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொண்டார்கள்.

ஆனால் அந்த நீரை எங்கே அளக்கிறோம்? படகுத்துறைப் படிக்கட்டில், மூன்றாம் படியில், தங்கள் அலுவலகம் மஞ்சள் வண்ணம் பூசிய இடத்தில். அந்த வண்ணம் பூசப்பட்ட பிறகு ஐஸ் தொழிற்சாலை ஒரு புதிய கழிவுநீர்க் குழாயைத் துறைக்கு அடியில் பதித்தது. அதன் வாய் மூன்றாம் படியிலிருந்து கை நீட்டினால் எட்டும் தூரத்தில் திறக்கிறது. தினமும் காலையில் தங்கள் பணியாளர் (எங்கள் பகுதியில் அவரை வாளிக்காரர் என்றே அழைப்போம்) குழாய் கொட்டும் இடத்திலேயே வாளியை விட்டு, வெப்பமானியை அதில் வைத்து, குறித்துக்கொண்டு போகிறார்.

அவர் மேல் குற்றமில்லை. நான் தயங்கித் தயங்கி அவரிடம் கேட்டேன். “மஞ்சள் பெயின்ட் எங்க இருக்கோ அங்கதான் நான் வாளி விடணும் சார். கடல் எங்க இருக்குன்னு தேடுறது என் வேலையில இல்ல” என்றார். இதற்குப் பதில் தங்களிடம் இருக்கும் என்று நம்பியே மனு எழுதத் தொடங்கினேன்.

3. என் இரண்டாவது மனுவுக்குத் தாங்கள் அனுப்பிய பதிலைப் பலமுறை படித்தேன். நான்கு வரிதான் என்றாலும் அது என்னை நாள் முழுவதும் உட்கார விடவில்லை. “ஐஸ் தொழிற்சாலையிலிருந்து வெளியேறும் நீர் இயல்பாகவே குளிர்ந்தது என்பதால், அது அளவீட்டைப் பாதித்திருப்பின், தடை முன்கூட்டியே நீங்கியிருக்கும், மனுதாரர் தரப்புக்கு அதனால் ஆதாயமே அன்றி நட்டம் இல்லை, வெப்பம் குறையாததற்கு உலகக் கடல்களின் வெப்ப உயர்வே காரணம்” என்று அதில் கண்டிருந்தது.

ஐயா, தண்ணீரை ஐஸ் ஆக்குவது என்றால் அதிலுள்ள சூட்டை எடுப்பது. எடுத்த சூடு ஆவியாகி மறைந்துவிடாது. எங்காவது கொண்டுபோய்க் கொட்டித்தான் ஆகவேண்டும். தொழிற்சாலை கடல்நீரை உறிஞ்சி, இயந்திரத்தைக் குளிர வைத்து, அந்தச் சூட்டோடு அதே நீரை நம் மூன்றாம் படிக்கு அனுப்புகிறது. வீட்டு ஃப்ரிட்ஜின் பின்பக்கம் கைவைத்தால் சுடுவதும் இதனால்தான். நான் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறேனோ என்று அஞ்சி, புத்தகத்தை எடுத்து மறுபடி சரிபார்த்தேன். புத்தகமும் இதையே சொல்கிறது.

தங்கள் அலுவலகத்தில் எழுத்தரிடம் இதை விளக்கினேன். “ஐஸ் ஃபேக்டரித் தண்ணி சூடா வருமா? என்ன சார், காலையிலயே தமாஷ் பண்றீங்க” என்றார். அலுவலக ஃப்ரிட்ஜின் பின்புறத்தைத் தொட்டுப் பார்க்கும்படி வேண்டினேன். பெரிய மனது பண்ணி எழுந்து போய்த் தொட்டார். பிறகு உள்ளே திரும்பி, “இந்த ஃப்ரிட்ஜு ரிப்பேரு, சுடுது, ஆளைக் கூப்பிடுங்க” என்று குரல் கொடுத்தார். என் மனுவின் மேல் எடுக்கப்பட்ட ஒரே நடவடிக்கை இதுதான் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் எதையும் ஒளிக்கவில்லை. “ஐஸ் பாளம் தூக்கித் தூக்கி விறைச்சுப்போன கையை எங்க ஆளுங்க அந்தக் குழாயிலதான் காட்டுவாங்க. இதமா இருக்கும்ல” என்றார். தொழிற்சாலைத் தொழிலாளர்கள் கையைச் சூடேற்றிக்கொள்ளும் நீரில் வெப்பமானியை வைத்துவிட்டு, அதற்கு உலகப் பெருங்கடல்களைப் பொறுப்பாக்கியிருக்கிறோம். கடல்கள் சூடாகின்றன என்பதை நான் மறுக்கவில்லை. அதனால்தானே குளிர்நீர் வரும் சில நாட்களும் இவ்வளவு அருமையாகிவிட்டன. ஆனால் உலகத்தின் மேல் பழியைப் போடுவதற்கு முன் ஒரு குழாயின் வாயைக் குனிந்து பார்த்திருக்கலாம். கடுமையாக எழுதிவிட்டேன் என்றால் பொறுத்தருளவும். இந்த வரியை இரண்டு முறை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

4. குளிர்நீர் வந்துவிட்டது என்பதற்கு நான் ஆதாரமாகக் காட்டுவது என் கருத்தை அல்ல. தூண்டில் படகுகளுக்குத் தடை இல்லை. அவற்றில் போய் வருபவர்கள், நங்கூரக் கயிற்றை இழுத்தால் உள்ளங்கை சில்லிடுகிறது என்கிறார்கள். அலை தாண்டியதுமே கடல் பச்சையாக இருக்கிறது என்கிறார்கள். பக்கத்துத் துறைமுகத்தில் வாளி அலைதடுப்புச் சுவரின் முனையில் இறக்கப்படுகிறது. அங்கே தடை எப்போதோ நீங்கிவிட்டது. அவர்களுடைய படகுகள் பகலில் எங்கள் கரைக்கு நேர் எதிரே நின்று வலை வீசுவது என் வீட்டு மொட்டை மாடியிலிருந்து தெரிகிறது. துணி உலர்த்தப் போகும் என் மகள் கொடியைப் பாதியில் விட்டுவிட்டு நின்று பார்க்கிறாள். “அப்பா, மீனுக்கு எல்லைக்கோடு போட்டுக் குடுத்திருக்காங்க போல. அந்தப் பக்கம் குளிருது, இந்தப் பக்கம் வேர்க்குது” என்றாள். அவள் வாயாடி. ஆனால் இந்தமுறை சிரிக்காமல் சொன்னாள்.

நீரோட்டம் மீனை நம் கரையில் நிறுத்தி வைத்துவிட்டுக் காத்திருக்காது. பச்சை நகர்ந்தால் மத்தியும் நகரும்.

5. ஆனாலும் இன்னும் காலம் இருக்கிறது. கப்பல் முகவர் வரும் ஞாயிற்றுக்கிழமைதான் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் அளவீடு சரியான இடத்தில் நடந்து, மூன்று நாள் கணக்கும் முடிந்துவிட்டால், மாப்பிள்ளை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டியதில்லை. அவருக்கு அங்கே போக விருப்பமில்லை. வலையை எடுத்து வெயிலில் போடுகிறார், பொத்தல் இல்லாத இடத்தில் பொத்தல் தேடுகிறார், மறுபடி சுருட்டி வைக்கிறார். நான் மூன்றாவது மனு எழுதப்போவதாகச் சொன்னபோது, “எழுதுங்க மாமா. வேண்டாம்னு சொல்ல மாட்டேன். ஆனா மனு போட்டு மீன் புடிச்ச ஆளை நான் இன்னும் பாக்கல” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அதன்பின் நான் எழுதுவதற்கு வசதியாக வானொலியை நிறுத்திவிட்டு வெளியே போனார்.

ஆகவே தங்களிடம் கேட்டுக்கொள்வது: நாளைக் காலை முதல் வாளியை அலைதடுப்புச் சுவரின் முனையில் இறக்க உத்தரவிட வேண்டும். புதிய நிதியோ, குழுவோ, ஆய்வோ தேவையில்லை. ஒரு டப்பா மஞ்சள் பெயின்ட் போதும். அதை நானே வாங்கித் தரவும் சித்தமாக இருக்கிறேன். அப்படிச் சொல்வது அலுவலக நடைமுறைக்கு ஒவ்வாது என்றால் அந்த வாக்கியத்தை நீக்கிக்கொள்ளவும்.

மரியாதை குறையாமல், மூன்றாம் முறையாக,

(ஒப்பம்)
ஓய்வுபெற்ற நூலகர்

இடம்: படகுத்துறைச் சாலை
நாள்: ஆகஸ்ட் 19, புதன்கிழமை

மேற்கண்டவற்றை வாசிக்கக் கேட்டு ஒப்புக்கொண்ட படகு உரிமையாளர்களின் கையொப்பங்கள் பின்பக்கத்தில்.

திருத்தம் (ஆகஸ்ட் 20, வியாழக்கிழமை):

மற்றவர்கள் கையொப்பமிட்டுவிட்ட வாசகத்தில் நான் கை வைப்பது முறையல்ல. புதிதாக எழுதிக் கையொப்பம் வாங்கப் போனால் இன்னும் ஒரு நாள் போய்விடும். ஆகவே இங்கே சேர்க்கிறேன்.

ஐந்தாவது பத்தியில் இன்னும் காலம் இருக்கிறது என்று எழுதியிருந்தேன். அது தவறு. கப்பல் முகவர் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கவில்லை. இன்று காலையே வண்டியோடு வந்துவிட்டார். அவர்கள் மீன் பிடிக்கும் கடலில் சூடான நீர் இடம் பெயர்ந்திருக்கிறதாம். சூரை மீன் அதன் பின்னால் போவதற்கு முன் கப்பல் அங்கே போய்ச் சேர வேண்டுமாம். அந்தக் கப்பல்காரர்கள் தம் கடலின் சூட்டைச் சரியான இடத்தில் அளந்திருக்கிறார்கள். மாப்பிள்ளை வாசலில் நின்றபடியே கையெழுத்திட்டார். என் மகள் பை எடுத்து வைத்தாள். நான் பேனா கொடுத்தேன்.

ஐந்தாவது பத்தியை நீக்கிவிட்டுப் படிக்கவும். முதல் நான்கும் சரியானவை. மீதிப் படகுகள் இன்னும் துறையில்தான் நிற்கின்றன.