கிள்ளிப் பார்ப்பதற்கு முன் தசைத்தளர்ச்சி ஊசி போடுவதை நிறுத்தக் கோரி

அனுப்புநர்:
பட ஆய்வாளர்,
மூளை இரத்த ஓட்டப் பிரிவு,
மருத்துவ ஆராய்ச்சி நிலையம்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
விலங்கு ஆய்வு நெறிமுறைக் குழு.

பொருள்: ஆய்வுப் பன்றிகளின் மயக்கத்தைச் சோதிக்கும் வரிசை மாற்றப்பட்டது – திங்கட்கிழமை ஆய்வை நிறுத்திவைக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இதை எங்கள் பிரிவுத் தலைவர் வழியாக அனுப்புவதே முறை. அவரிடம் இரண்டு முறை பேசிப் பார்த்துவிட்டுத்தான் நேரடியாக எழுதுகிறேன்.

1. பன்றிகளை மயக்கத்தில் வைத்து, மூளைக்குள் எவ்வளவு இரத்தம் ஓடுகிறது, மூளை எவ்வளவு ஆக்சிஜனைச் செலவிடுகிறது என்று ஸ்கேன் எடுத்து அளப்பது எங்கள் வேலை. குழந்தைகளின் அறுவை சிகிச்சைக்கான மயக்க மருந்து ஒன்றை இப்போது சோதித்து வருகிறோம். இந்தப் பணியில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இத்தனை ஆண்டுகளாக இதில்தான் சம்பளம் வாங்குகிறேன். பன்றிகள் மீது தனிப் பாசமும் கிடையாது. நான் இதை எழுதுவதைப் பார்த்து, “பன்னிக்கு வக்காலத்தா?” என்று என் கணவர் சிரித்தார். தாங்களும் அப்படி நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

2. முன்பு மயக்கம் கொடுத்ததும் குளம்பின் இடுக்கை இடுக்கியால் அழுத்திக் கிள்ளுவார்கள். பன்றி காலை இழுக்காவிட்டால்தான் தசைத்தளர்ச்சி ஊசி. அந்த ஊசி உறக்கம் தராது, வலியைப் போக்காது. உடலை அசையவிடாமல் செய்யும், அவ்வளவுதான். சென்ற ஆண்டு ஒரு பன்றி ஸ்கேன் நடுவே இருமி, அன்றைய படங்கள் எல்லாம் பாழாயின. அதன் பிறகு ஊசியைத் தயாரிப்பு அறையிலேயே போட்டுவிடுகிறார்கள். கிள்ளுவது ஸ்கேன் அறைக்கு வந்த பிறகு. கால் அசைவதில்லை, ‘எதிர்வினை இல்லை’ என்று பதிவாகிறது. காலை இழுக்க முடியாதபடி செய்துவிட்டு, இழுக்கிறதா என்று பார்க்கிறோம். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை என்று நினைக்கிறேன்.

3. ஸ்கேனில் வரும் அளவீடுகளைக் குறைத்துக் காட்டுகிறது என்று, பன்றியை உறங்கவைக்கும் மயக்க வாயுவையும் சிறிது சிறிதாகக் குறைத்து வந்திருக்கிறார்கள்.

4. சென்ற வாரம் இரத்தக் குழாயில் செருகிய குழல் நழுவியதால், அதைப் பிடிக்க என்னை உள்ளே அழைத்தார்கள். வழக்கமாக நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருப்பவள். காலைக் கிள்ளியபோது பன்றி அசையவில்லை. ஆனால் திரையில் நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் சட்டென்று ஏறின. டேப் ஒட்டிய இமையோரத்தில் ஈரம் கசிந்தது. எங்கள் பிரிவுத் தலைவரிடம் சொன்னேன். “வலிச்சா கத்தும்ல மேடம்? இது பாட்டுக்குச் சும்மாதான கிடக்கு” என்றார். தொண்டையில் குழாய் செருகிய பன்றி எப்படிக் கத்தும் என்று கேட்டேன். “நீங்க படத்தைப் பாருங்க மேடம், பன்னியை நாங்க பாத்துக்குறோம்” என்றார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

5. அவர் சொன்னபடியே படத்தைப் பார்த்தேன். புதிய மருந்து மூளையின் இரத்த ஓட்டத்தையும் ஆக்சிஜன் செலவையும் சேர்த்தே உயர்த்துகிறது என்பதுதான் எங்கள் பிரிவு பெருமையாகச் சொல்லிவரும் கண்டுபிடிப்பு. வரிசை மாறுவதற்கு முன் ஆய்வு செய்த பன்றிகளில் அந்த உயர்வு இல்லை. பிறகு வந்தவற்றில் இருக்கிறது. மருந்து அதேதான், அளவும் அதேதான். நாங்கள் அளந்தது மருந்தின் வேலையா, அல்லது விழித்துக்கொண்டு வலியை உணரும் மூளையா? அறுதியிட்டுச் சொல்ல என்னிடம் சான்று இல்லை. இல்லை என்று சொல்லவும் அவர்களிடம் சான்று இல்லை. இதை நம்பித்தான் நாளை குழந்தைகளுக்கு மருந்தளவு குறிப்பார்கள்.

6. அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நேற்று கொட்டடிப் பக்கம் போனேன். திங்கட்கிழமைக்குரிய பன்றியைப் பராமரிப்பாளர் கழுவிக்கொண்டிருந்தார். “கிட்டப் போகாதீங்கக்கா, குளம்பைத் தொட்டாலே உதைப்பான். உங்க தலைவரே உதை வாங்கியிருக்காரு” என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவருடைய வாளி உருண்டது.

ஆகவே, திங்கட்கிழமை ஆய்வை நிறுத்திவைத்து, ஊசிக்கு முன் கிள்ளிப் பார்க்கும் பழைய வரிசையைத் திரும்பக் கொண்டுவர ஆணையிட வேண்டுகிறேன். இப்போதைய வாயு அளவில், ஊசி இல்லாமல், ஒரே ஒரு முறை தங்கள் முன்னிலையில் கிள்ளிப் பார்க்கட்டும். பன்றி காலை இழுக்காவிட்டால் என் சந்தேகம் தவறு. அதை எங்கள் பிரிவுத் தலைவரிடம் எல்லோர் முன்னும் ஒப்புக்கொள்கிறேன்.

அதற்கு நேரமில்லை என்று தாங்கள் திங்கட்கிழமை நேராக ஸ்கேன் அறைக்கே வந்தால், வாளியை உதைத்த அதே பன்றி மேசைமேல் அமைதியாகக் கிடக்கும். அந்த அமைதியை மட்டும் சான்றாக ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: ஆய்வு நிலையம், பட அறை
நாள்: வெள்ளிக்கிழமை

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
பட ஆய்வாளர்