சொந்தத் தெருவில் ஓட்டுக் கேட்பதில்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, சளி இருமல் எதுவும் அண்டாமல், வேலை இடத்தில் யாரிடமும் வாய் கொடுக்காமல் சௌக்கியமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே உடம்பளவில் எல்லோரும் சுகம். உடம்பளவில் என்று படித்ததும் உனக்குத் திக்கென்றிருக்கும், பயப்படாதே, யாருக்கும் ஒன்றுமில்லை, தம்பிக்கு இழுப்புகூட இந்த வாரம் கொஞ்சம் அடங்கியிருக்கிறது, பள்ளிக்கூடம் போய்க்கொண்டுதான் இருக்கிறான். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள், அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று நீ நினைக்கலாம். போனில் பேசினால் அப்பா பக்கத்தில் இருப்பார், இல்லாவிட்டால் தம்பி பிடுங்கிக்கொள்வான். அதுவுமில்லாமல் இதை உன் காதுக்கு நேராகச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

தேர்தல் முடிவு வந்த அன்று நீ போனில் கேட்டாய் அல்லவா, "ஏம்மா, நம்ம ஊர்ப்பக்கம் மொத்தமா கவுந்துடுச்சாமே, எல்லாரும் காசு வாங்கிட்டாங்களா, முட்டாளுங்க" என்று. அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி நான் போனை வைத்துவிட்டேன். அன்று அடுப்பில் பாலே இல்லை. அந்தக் கேள்விக்குத்தான் இவ்வளவு தாமதமாகப் பதில் எழுதுகிறேன். உனக்கே தெரியும், இந்தக் குவாரிப் பக்கத்து ஊர்களில் பிறந்த குழந்தைக்குக்கூட நம் கட்சிதான். கல் உடைத்தவர்களுக்குக் கூலி உயர்த்திக் கொடுத்த கட்சி, சங்கம் வைத்துக் கொடுத்த கட்சி என்று அப்பா சொல்லிச் சொல்லி வளர்ந்தவள் நீ. அது பொய்யில்லை. இப்போது டிவியில் வந்து உட்கார்ந்து ஆளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். பஸ்ஸை நிறுத்தியது, ஆஸ்பத்திரியில் நர்ஸம்மாவை மாற்றிவிட்டு வேறு ஆள் போடாதது, ஒப்பந்த ஆட்களை இறக்கியது, சங்கத் தலைவருடைய மச்சானே கல் அரைக்கும் கிரஷருக்குக் காண்ட்ராக்ட் எடுத்தது. எல்லாம் உண்மைதான், ஒன்றுகூடத் தப்பில்லை. ஆனால் இதெல்லாம் போன தேர்தலிலும் இருந்தது, அப்போதும் நாம் நம் கட்சிக்குத்தானே குத்தினோம். அதனால் டிவிக்காரர்கள் சொல்வது எனக்கு முழுசாக ஒட்டவில்லை. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

நம் கட்சியில் ஒரு பழக்கம் உண்டு, நீ கவனித்திருப்பாயோ என்னவோ. சொந்தத் தெருவில் யாரும் ஓட்டுக் கேட்க மாட்டார்கள். கேட்டால் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும், அது மரியாதைக் குறைவு. இந்தத் தடவையும் நம் வாக்குச்சாவடிக்கு அப்பாதான் கட்சி ஏஜென்ட். வேட்பாளர் ஜீப்பில் வந்தபோது நம் தெரு முனையில் இறங்கப் பார்த்தார். அப்பா கையைக் காட்டி, "இது நம்ம தெரு தலைவரே, இங்க இறங்கினா எங்களுக்கு அவமானம், வண்டி நேரா போகட்டும்" என்றார். எவ்வளவு பெருமை அந்த முகத்தில்! ஜீப் நேராகப் போய்விட்டது. கதவோரம் நின்றிருந்த பெண்கள் முகத்தை நான் பார்த்தேன். வணக்கம் சொல்லத் தூக்கிய கையை, பாறையில் துளை போடும் டிரில்லர் மாமாவின் சம்சாரம் அப்படியே தலையைச் சொறிவதுபோல் இறக்கிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு எதற்குச் சிரித்தோம் என்று இருந்தது.

அதற்கப்புறம் ஒரு மத்தியானம் எதிர்த்து நின்ற அவர்கள் கட்சியிலிருந்து ஒரு பெண் வந்தாள். பஸ் டிரைவர் ஒருத்தருடைய மருமகள், உன்னைவிட நாலைந்து வயது மூப்பாக இருப்பாள், குடையை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். நான் முந்திக்கொண்டு, "இது யார் வீடுன்னு தெரியாம வந்துட்டியாம்மா" என்றேன். "தெரியும்க்கா. குவாரியில வெடிக்குச் சைரன் ஊதுற அண்ணன் வீடு. அவர்கிட்ட கேக்க வரல, அவர் எங்களுக்குப் போடமாட்டாரு. உங்ககிட்ட கேக்க வந்தேன். உங்களுக்கு என்னக்கா வேணும்?" என்றாள். பாப்பா, கல்லூரிக் கடைசி வருஷத்தில் வயிற்றில் உன்னைச் சுமந்துகொண்டு பரீட்சை எழுதியவள் நான். குவாரி எடைமேடையில் கல் லாரிகளுக்கு எடை போட உட்கார்ந்து லாரிக்காரர்கள் அத்தனை பேரையும் ஒரு பார்வையில் அடக்குகிறவள். ஆனால் ஓட்டு வந்த நாளிலிருந்து என்னிடம் ஒருத்தரும் கேட்டதில்லை. ஏதாவது பெரிதாகச் சொல்லவேண்டும் என்று தேடினேன், கடைசியில் வாயில் வந்தது என்ன தெரியுமா, "மத்தியான வெடிக்கு அப்புறம் துணி காயப்போட முடியலைம்மா, அப்படியே வெள்ளையா படிஞ்சிடுது, சின்னவனுக்கு ராத்திரியெல்லாம் இழுக்குது, முன்னாடி தண்ணி லாரி வந்து ரோட்டை நனைக்கும், இப்ப வர்றதில்ல." துணியைப் பற்றிப் பேசினேனே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை. "எங்க பக்கமும் அப்படித்தான்க்கா, என் குழந்தைக்கும் இருக்கு" என்றாள். ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள், அவ்வளவுதான். இதையே அப்பாவிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். "கல்லு உடைக்கிற ஊர்ல தூசி வராம பூவா கொட்டும்" என்பார், நானும் சேர்ந்து சிரிப்பேன்.

நான் அவர்கள் கட்சிக்குப் போட்டேன் பாப்பா. எழுதிவிட்டேன். மறைப்புக்குள் நிற்கும்போது அப்பா வெளியே ஏஜென்ட் நாற்காலியில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தார், நான் வெளியே வந்ததும் தலையை ஆட்டி, வெயிலில் நிற்காதே, வீட்டுக்குப் போ என்று ஜாடை காட்டினார். என் ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்துக்கொண்டு போனேன். அப்படித்தான் ஆளாளுக்கு நினைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

ஓட்டு எண்ணிக்கை முடிந்த மறுநாள்தான் நடக்கக்கூடாதது நடந்தது. எடைமேடைக்கு எதிரே டீக்கடை அக்கா கடை இருக்கிறதே, சின்ன வயதில் உனக்கு பன்னை இரண்டாகப் பிட்டு ஒரு பாதியில் மட்டும் சர்க்கரை தடவித் தருவார், அந்த அக்காதான். அந்த டிரைவர் மருமகள் வெயிலுக்கு அங்கே பெஞ்சில் உட்கார்ந்ததை யாரோ அப்பாவிடம் ஓதியிருக்கிறார்கள். அப்பா கடைக்குப் போய் ஒரு வாய் குடித்துவிட்டு டீயைத் தரையில் ஊற்றினார். "என்னக்கா, சர்க்கரை தூக்கலா இருக்கு, அவங்க கட்சிச் சர்க்கரையா?" என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா கரண்டியைக் கீழே வைக்காமல், "என் பெஞ்சுல யாரு வேணா உக்காரலாம் தம்பி. நான் யாருக்குப் போட்டேன்னு எனக்குத் தெரியும், நம்ம கட்சிக்குத்தான் போட்டேன்" என்றார். அதற்கு அப்பா சொன்னார், "யாரு மாத்திப் போட்டதுன்னு தெருவுல ஒவ்வொரு வீடா நினைச்சுப் பாத்துட்டேன். என் வீட்டைப் பத்தி நான் நினைக்கவே வேண்டியதில்ல. சுத்திச் சுத்தி உன் வீட்டுலதான் வந்து நிக்குது." ஜன்னல் வழியாக ஒவ்வொரு வார்த்தையும் எனக்குக் கேட்டது. மேடையில் லாரி நிற்கிறது, டிரைவர் "அக்கா, தூக்கமா, எடை எவ்வளவுன்னு சொல்லுங்க" என்று கத்துகிறார், என் கண்ணுக்கு எண்ணே தெரியவில்லை.

அன்றிலிருந்து அந்தக் கடைக்கு ஒருத்தரும் போகவில்லை. அப்பாவுக்குப் பயந்து என்றில்லை, போனால் நீயும் அந்தப் பக்கமா என்று கேட்டுவிடுவார்களோ என்று. மடியில் கனம் இருந்தவர்கள்தான் முதலில் ஒதுங்கினார்கள் என்று நினைக்கிறேன். அக்கா காலையில் பாய்லரைப் பற்றவைப்பதும் வெறுமனே உட்கார்ந்திருப்பதும் என் ஜன்னலிலிருந்து அப்படியே தெரியும். இதில் கொடுமை என்ன தெரியுமா, எனக்கு வழக்கமாக வருகிற டீயை அவர் நிறுத்தவில்லை. தானே கொண்டுவந்து ஜன்னல் கட்டையில் வைத்து, "உன் புருஷன்மேல கோவம், உன்மேல என்னடி கோவம், ஆறிடும் குடி" என்றார். நான் குடித்தேன். மறுநாளும் குடித்தேன். "அக்கா, நீங்க இல்ல, நான்தான்" என்று சொல்ல வாயைத் திறப்பேன், டீயைக் குடித்துவிட்டு மூடிக்கொள்வேன். ஓட்டை மாற்றிப் போட்டதற்கு எனக்கு வெட்கமில்லை, அது என் ஓட்டு. அந்த டீ தொண்டையில் இறங்கியதை நினைத்தால்தான் இப்போதும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நீ போனில் முட்டாளுங்க என்றாயே, அதைக் கேட்டபோதுகூட எனக்கு இவ்வளவு சுடவில்லை.

அக்கா ஒருநாள் பாய்லரைப் பற்றவைக்கவே இல்லை. மகன் வீட்டோடு போய்விடப் போகிறேன் என்று பெஞ்சைத் தூக்கி உள்ளே போட்டுக்கொண்டிருந்தார். நான் எடைமேடையைப் பூட்டிவிட்டு எதிரே போய், அவர் தூக்கிய பெஞ்சைப் பிடுங்கிப் போட்டு உட்கார்ந்து, ஒரு டீ போடுங்க என்றேன். மத்தியான வெடி முடிந்து எல்லோரும் இறங்கிவருகிற நேரம். அப்பா என்னைப் பார்த்துவிட்டு, "இங்க என்ன பண்ற, லாரியெல்லாம் நிக்குது" என்றார். உட்கார்ந்தபடியே, "என்னங்க, அக்கா இல்ல. நான்தான் மாத்திப் போட்டேன்" என்றேன். எல்லோர் முன்னாலும் அவரைக் கேவலப்படுத்துகிறோம் என்று தெரியும், ஆனால் எல்லோர் முன்னாலும்தானே அக்காவைச் சொன்னார். அப்பா சிரித்தார், நான் விளையாடுகிறேன் என்று. அப்புறம் சிரிப்பு நின்றது. டிரில்லர் மாமாதான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அண்ணே, நானும்தான். திட்டறதுன்னா சேத்து வச்சுத் திட்டிடு" என்றார். மற்றவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் இல்லை என்று ஒருத்தரும் சொல்லவில்லை பாப்பா. அதுதான் அப்பாவை அடித்துப்போட்டது. அக்கா மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தார், எனக்கு டீ போட்டார், அந்த டீயை என்னால் குடிக்க முடியவில்லை.

சாயங்காலம் அப்பா குழாயடியில் கால் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல" என்றார். "நீங்க கேக்கலையே" என்றேன். ரொம்ப நேரம் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார், தூசியெல்லாம் எப்போதோ போய்விட்டது. "கேட்டிருந்தா நம்ம கட்சிக்கே போட்டிருப்பியா?" என்றார். போட்டிருப்பேன் என்று சொன்னால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "தெரியல, யோசிச்சிருப்பேன்" என்றேன். அதற்குமேல் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

குவாரியில் அப்பா எப்படி வெடி வைப்பார் என்று உனக்குத் தெரியும். சைரன் ஊதிவிட்டு மேலே நின்று ஒவ்வொரு ஆளாகப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். பள்ளத்தின் மறுபக்கத்திலிருந்து "இருக்கேன்" என்று குரல் வந்தால்தான் அடுத்த பேர். ஒரு குரல் வராவிட்டாலும் வெடிக்கமாட்டார், இறங்கித் தேடிப் போய்விடுவார், மேனேஜர் குதித்தாலும் அசையமாட்டார். அவர் கையால் ஒரு உயிர் போனதில்லை. அப்படிப்பட்ட மனிதர் சொந்தத் தெருவில், சொந்த வீட்டில், ஒருத்தரைக்கூடக் கூப்பிட்டுப் பார்க்காமல் எல்லோரும் இருக்கிறார்கள் என்றே நினைத்துவிட்டார். நம் கட்சி மொத்தமும் அப்படித்தான் நினைத்தது. உன் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இவ்வளவுதான். காசு வாங்கினார்களா என்று இனி யாராவது கேட்டால் சேர்ந்து சிரிக்காதே. ஜெயித்தவர்கள் அனுப்புகிறோம் என்ற தண்ணி லாரியும் இன்னும் வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு அந்த மருமகளை வழியில் பார்த்தால் நானே போய்க் கேட்பேன்.

அக்கா ஊரைவிட்டுப் போகவில்லை. அப்பா நாலைந்து நாள் அந்தப் பக்கம் தலைகாட்டாமல் இருந்துவிட்டு, அப்புறம் ஒரு காலையில் போய் நின்றார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வராது. "அக்கா, ஒரு டீ. சர்க்கரை கொஞ்சம் தூக்கலாவே போடு" என்றார். "ஊருக்கெல்லாம் போடுற சர்க்கரைதான், உனக்குன்னு தனியா கிடையாது" என்று அக்கா டம்ளரை நங்கென்று வைத்தார். அப்பா ஒரு சொட்டு விடாமல் குடித்ததை ஜன்னலிலிருந்து பார்த்தேன். எனக்கு மட்டும் அக்கா இன்னும் டீ கொண்டுவந்து கொடுப்பதில்லை. நானே போய் வாங்கிக் குடிக்கிறேன், பேசுகிறார், முன்போல் "என்னடி" என்று பேசுவதில்லை, "வாங்க" என்கிறார். அந்த "வாங்க"வை நான் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

நீ நன்றாக இருக்கவேண்டும், உடம்பும் மனசும் திடமாக, நாலு பேர் மெச்ச இருக்கவேண்டும். பஸ்ஸில் ஜன்னலோரம் ஈரத்தலையோடு உட்காராதே, காலையில் எதையாவது வயிற்றுக்குப் போட்டுக்கொண்டு கிளம்பு. ஒன்றை மறந்துவிடாதே. அடுத்து உள்ளாட்சித் தேர்தல் வருகிறது, உனக்கு ஓட்டு இங்கேதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அப்பா உனக்குத் தனியாகப் போன் செய்வார். சாப்பிட்டாயா, மழையா, வெயிலா என்று சுற்றி வளைப்பார், தடுமாறுவார், வீட்டு ஆளிடம் ஓட்டுக் கேட்டுப் பழக்கமில்லை அவருக்கு. கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்ததை நான் பார்த்தேன். சிரித்துவிடாதே கண்ணு. அப்பா கேட்கிறாரே என்று உடனே சரி என்றும் சொல்லிவிடாதே. உனக்கு என்ன வேண்டும் என்று யோசித்து வைத்துக்கொண்டு போனை எடு.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா